விடுவதையும் நடத்துவோம்
புகைப்பழக்கம் குறித்து மூன்று பாடவேளைகள்

பத்தாம் வகுப்பு அறிவியலில் புகையிலை பற்றிய பகுதிக்கு நாம் பெரும்பாலும் ஒரு பாடவேளை ஒதுக்குகிறோம். நிக்கோட்டின், தார், கார்பன் மோனாக்சைடு என்று மூன்று பெயர்களைக் கரும்பலகையில் எழுதுகிறோம். பக்கத்தில் நோய்களின் பட்டியல். கடைசியில், ‘புகைபிடித்தலின் தீமைகள் நான்கினை எழுதுக’ என்றொரு வினா. மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள், மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. மே 31 உலகப் புகையிலை எதிர்ப்பு நாள் கோடை விடுமுறைக்குள் வந்துவிடுவதால், உறுதிமொழிகூட ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு காலை வணக்கக் கூட்டத்துக்குத் தள்ளிப்போகிறது.

சேரப்பணஞ்சேரிப் பகுதியில் பணியாற்றும் எனக்கு இந்த ஒரு பாடவேளை போதாது என்று தோன்றுவதற்குக் காரணம் எங்கள் சாலை. படப்பையைத் தாண்டி ஒரகடம் செல்லும் வழியில் விடியற்காலை ஐந்தரை மணிக்கே கம்பெனிப் பேருந்துகள் ஓடத் தொடங்கிவிடும். கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று எல்லாம் இந்தச் சாலையின் ஆலைகளில் உருவாகின்றன. எங்கள் மாணவர்களில் பலர் ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்து, சிலர் பன்னிரண்டாம் வகுப்போடு, பயிற்சியாளராகவோ ஒப்பந்தத் தொழிலாளராகவோ இந்த ஆலை வாசல்களுக்குள் போகிறார்கள். கையில் முதல் சம்பளம், பழக்கமில்லாத இரவுப் பணி, வாசலில் ஒரு டீக்கடை, கூட வேலை பார்க்கும் அண்ணன்மார். புகைப்பழக்கம் பிடிப்பதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை நாம் அறிவோம். 2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் புகையிலைப் பொருள்கள் சட்டப்படி 18 வயது நிரம்பாதவருக்கு இவற்றை விற்கக்கூடாது. கல்வி நிறுவனத்தின் சுற்றெல்லையிலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது ஏறத்தாழ 91 மீட்டருக்குள், விற்கக்கூடாது. பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம். ஆனால் வயதைக் காட்டித் தடுக்கும் வேலி பதினெட்டோடு முடிந்துவிடுகிறது. பதினெட்டில்தான் நம் பிள்ளை ஆலை வாசலில் நிற்கிறான். 2016-17இல் நடந்த உலக வயதுவந்தோர் புகையிலை ஆய்வின் இந்திய அறிக்கையில் ஓர் எண் உண்டு. புகையிலையை அன்றாடம் பயன்படுத்தும் 20 முதல் 34 வயதினர் அதைத் தொடங்கிய சராசரி வயது 18.9. பள்ளிக் கழிப்பறைக்குப் பின்னால் ஒளிந்து புகைக்கும் ஓரிரு மாணவரைப் பிடிப்பதில் நாம் காட்டும் அக்கறையில் பாதியையாவது, பள்ளியை விட்டுப் போன பிறகு வரப்போகும் அந்தப் பத்தொன்பதாவது வயதுக்குக் காட்ட வேண்டும். ‘தடை செய்யப்பட்டது, ஆகவே கூடாது’ என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் அந்த வயதில் அது செல்லாக்காசாகிவிடும்.

பள்ளிப் பருவத்திலேயே தொடங்குபவர்களும் இருக்கிறார்கள். 2019இல் நடந்த உலக இளையோர் புகையிலை ஆய்வின்படி, இந்தியாவில் 13 முதல் 15 வயதுள்ள மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். உதட்டுக்குள் அடக்கிவைக்கும் சிறு பொட்டலங்கள் எந்த வகுப்பறைக்குள் வந்திருக்கின்றன என்பதை ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது தனிக் கட்டுரைக்குரியது. இங்கே புகையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதல் பாடவேளை: யாரைக் கொல்கிறது, எதனால் கொல்கிறது?

புகைத்தால் என்ன நோய் வரும் என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பே ஒரே குரலில் ‘கேன்சர்’ என்று சொல்லும். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருப்பதால், எங்கள் பகுதியில் ‘காரப்பேட்டைக்குப் போயிருக்கிறார்’ என்றாலே என்ன நோய் என்று விளங்கிவிடும். 2016 முதல் பெட்டியின் 85 விழுக்காட்டுப் பரப்பை அடைத்துக்கொண்டிருக்கும் எச்சரிக்கைப் படங்களும் பெரும்பாலும் புற்றுநோயைத்தான் காட்டுகின்றன. நம் டீக்கடைகளில் சிகரெட்டைப் பெட்டியாக வாங்குபவர் குறைவு, ஒன்றிரண்டாகத்தான் விற்பனை. அதனால் அந்தப் படத்தைக் கடைக்காரர் பார்க்கிறாரே தவிர, புகைப்பவர் பார்ப்பதில்லை. இது ஒரு புறம் இருக்கட்டும்.

புற்றுநோய் என்ற விடை சரி. ஆனால் அது ஒரு பகுதிதான். மற்ற பகுதியைக் கண்டறிந்த ஆய்வு நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. 1990களில் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் கஜலட்சுமியும், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் பீட்டோவும் மற்றவர்களும் சேர்ந்து, சென்னை நகரிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்துபோன ஆண்களைப் பற்றி ஆராய்ந்தார்கள். களப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். இறந்தவர் எப்படி இறந்தார், அவருக்குப் புகைப்பழக்கம் இருந்ததா, பீடியா சிகரெட்டா என்று குடும்பத்தாரிடம் கேட்டுப் பதிவு செய்தார்கள். இப்படி 43,000 இறப்புகள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு உயிரோடு இருக்கும் 35,000 ஆண்கள். முடிவுகள் 2003இல் ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தன.

அவர்கள் கண்டது இது. சென்னையில் 25 முதல் 69 வயது வரையுள்ள ஆண்களில், புகைத்தவர்கள் நோயால் இறக்கும் வீதம் புகைக்காதவர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. அப்படிக் கூடுதலாக நேர்ந்த இறப்புகளில் மூன்றில் ஒரு பங்கு இதயம், இரத்தக்குழாய் தொடர்பானவை. இன்னொரு மூன்றில் ஒரு பங்கு மூச்சுமண்டல நோய்கள். அவற்றில் முதன்மையானது காசநோய். புற்றுநோயின் பங்கு 11 விழுக்காடு. காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவரோடு ஒப்பிட நகரத்தில் புகைத்தவருக்கு 4.5 மடங்கு, பெரும்பாலும் பீடி புகைக்கும் கிராமப்புறத்தில் 4.2 மடங்கு. இந்தியாவில் ஆண்களின் காசநோய் இறப்புகளில் பாதிக்குப் புகைப்பழக்கம் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதியபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. காசநோய் கிருமியால் வருவது என்றுதான் நாம் நடத்தியிருக்கிறோம், அதுவும் உண்மையே. கிருமி உள்ளே புகுந்தவர் எல்லாரும் நோயாளி ஆவதில்லை. நுரையீரலின் காவல் பலமாக இருந்தால் கிருமி ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் குற்றிழைகள் தூசியையும் சளியையும் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. காற்று நுண்ணறைகளில் இருக்கும் விழுங்கு செல்கள் கிருமியை விழுங்கி அழிக்கின்றன. புகை இந்த இரண்டு காவலையும் கெடுக்கிறது. குற்றிழைகள் செயலிழக்கின்றன, விழுங்கு செல்கள் பலவீனமடைகின்றன. கிருமி பற்றிய பாடத்தையும் சுவாச மண்டலத்தையும் இந்த இடத்தில் ஒன்றாகக் கட்டிவிடலாம்.

எங்கள் பகுதி மாணவர்களுக்குத் தாம்பரம் சானடோரியம் ஒரு ரயில் நிலையத்தின் பெயர். அங்கே 1928இல் மருத்துவர் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இல்லத்திலிருந்து வந்த பெயர் அது என்று சொன்னால் கண்கள் விரியும். அன்று மருந்து இல்லை. நல்ல காற்றும் ஓய்வும் உணவும்தான் சிகிச்சை. காசநோய்க்கு நல்ல காற்று வேண்டும் என்று நூறாண்டுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதை மாணவர்களே எடுத்துச் சொல்வார்கள். நாம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வகுப்பில்தான் ஒரு மாணவி எழுந்து, “மிஸ், டிபி மாத்திரை சாப்பிடுறப்ப பீடி குடிக்கலாமா?” என்று கேட்டாள். யாருக்காகக் கேட்கிறாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. “கூடாது. மாத்திரை ஒரு பக்கம் கிருமியைக் கொல்லும். பீடி இன்னொரு பக்கம் நுரையீரலோட பலத்தைக் குறைக்கும். மாத்திரையை நிறுத்தவே கூடாது, பீடியை நிறுத்தணும்” என்று பொதுவாகச் சொன்னேன். அடுத்த கேள்வியையும் அவளே கேட்டாள்: “எப்படி மிஸ் நிறுத்துறது?”

நம் பாடநூலின் தீமைப் பட்டியலில் இந்தக் கேள்விக்கு விடை இல்லை. தீமைகளை மட்டும் நடத்தினால், புகைக்கும் அப்பாவோ அண்ணனோ தாத்தாவோ உள்ள பிள்ளை பயத்தோடு வீட்டுக்குப் போகிறது. நம் வகுப்பறைகளில் அப்படிப்பட்ட பிள்ளைகள் நிறையப் பேர். மேலே சொன்ன 2016-17 ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் ஐந்தில் ஒருவர் புகையிலையை ஏதேனும் ஒரு வடிவில் பயன்படுத்துகிறார். பயத்தை உண்டாக்கிவிட்டு வழியைக் காட்டாமல் மணியடித்ததும் வகுப்பை விட்டு வெளியேறுவது சரியாகப் படவில்லை.

இரண்டாம் பாடவேளை: ஆலை வாசலில் ஒரு கணக்கு

இதைக் கணக்கு ஆசிரியரோடு சேர்ந்து நடத்தலாம். பெருக்குத் தொடர்வரிசை படித்த வகுப்பு என்றால் இன்னும் எளிது.

சிகரெட் புகையை இழுத்தால் 10 முதல் 20 வினாடிக்குள் நிக்கோட்டின் மூளையை எட்டிவிடுகிறது. மூளையில் டோபமைன் சுரக்கிறது. ஒரு நிறைவு தோன்றுகிறது. ஆனால் இரத்தத்தில் உள்ள நிக்கோட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வரும். பல ஆலைகளுக்குள் சிகரெட்டோ தீப்பெட்டியோ கொண்டுபோக முடியாது. ஒருவர் காலை 6 மணிக்கு வாசலில் கடைசி சிகரெட்டை அணைத்துவிட்டு உள்ளே போகிறார், மதியம் 2 மணிக்கு வெளியே வருகிறார். எவ்வளவு மிச்சம்? 8 மணிக்குப் பாதி, 10 மணிக்குக் கால், 12 மணிக்கு அரைக்கால், 2 மணிக்கு வீசம். பதினாறில் ஒரு பங்கு. (அரைக்கால், வீசம் என்ற பழைய சொற்களைச் சொன்னால் தமிழாசிரியரும் மகிழ்வார்.)

வெளியே வந்தவுடன் பற்றவைக்கும் சிகரெட் ஏன் ‘டென்ஷனைக் குறைக்கிறது’ என்பது இப்போது மாணவர்களுக்கு விளங்கும். நிக்கோட்டின் வற்றியதால் வந்த எரிச்சல், தவிப்பு, கவனச்சிதறல் ஆகியவற்றையே அடுத்த சிகரெட் தணிக்கிறது. முந்தைய சிகரெட் உண்டாக்கிய கடனை அடுத்த சிகரெட் அடைக்கிறது. அடைத்த கையோடு புதுக் கடனையும் எழுதி வைக்கிறது. வட்டிக் கடை எப்படி நடக்கிறது என்று தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இதே கணக்கில் நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அது பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். நான்கு என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேர ஷிப்டு முடியும்போது கால் பங்குதான் மிச்சம். அந்த எட்டு மணி நேரத்தில் உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளத் தொடங்கியிருக்கிறது. ‘என்னால் விட முடியாது’ என்று சொல்லும் அண்ணன், வாரத்தில் ஆறு நாள், ஒவ்வொரு நாளும் எட்டு மணி நேரம், இயந்திரத்தின் முன் நின்று வேலை பார்த்துக்கொண்டே விட்டுத்தான் இருக்கிறார்! இதைக் கண்டுபிடித்துச் சொன்னவன் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன். எனக்குத் தோன்றியிருக்காது.

பணக் கணக்கையும் போட்டுவிடலாம். ஒன்று 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு ஐந்துக்கு 100 ரூபாய். ஆண்டுக்கு 36,500 ரூபாய். அதில் என்ன வாங்கலாம் என்று மாணவர்கள் பட்டியல் போடட்டும். கைப்பேசிதான் முதலில் வரும். பரவாயில்லை.

‘நாளைக்கு ஒண்ணுதானே’ என்பதற்கும் கணக்கு உண்டு. நாளைக்கு 20 சிகரெட் புகைப்பவருக்குக் கூடுகிற இதயநோய் ஆபத்தில் ஏறத்தாழ பாதி, நாளைக்கு ஒன்றே ஒன்று புகைப்பவருக்கும் இருக்கிறது என்று 2018இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு காட்டியது. இருபதில் ஒரு பங்கு சிகரெட்டுக்கு இருபதில் ஒரு பங்கு ஆபத்து என்ற நேர்விகிதம் இங்கே செல்லுபடியாகாது. பீடிக்கும் சலுகை இல்லை. அதைச் சுற்றியுள்ள இலை அடர்த்தியானது; அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். அளவில் சிறியது என்பதால் தீங்கும் சிறியது என்றாகாது.

ஒரு செயல்பாடு: மாணவர்கள் ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே நடந்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக மட்டும் முப்பது வினாடி மூச்சுவிட்டுப் பார்க்கலாம். நாள்பட்ட மூச்சடைப்பு நோய் உள்ளவரின் ஒவ்வொரு மூச்சும் ஏறத்தாழ அப்படித்தான். ஆஸ்துமா உள்ளவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள் இதைச் செய்யவே கூடாது. தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலில் பஞ்சை வைத்து, சிகரெட்டைக் கொளுத்திக் கறை காட்டும் சோதனையைச் சிலர் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாடத்துக்காக என்றாலும் பள்ளி வளாகத்துக்குள் சிகரெட் வரக்கூடாது. அதை வாங்கி வருவதற்கு ஒரு மாணவனை அனுப்பும் விபரீதமும் நடக்கும்.

மூன்றாம் பாடவேளை: விடுவது எப்படி?

இந்தப் பாடவேளையைத் தவறவிடக் கூடாது என்பதே என் கருத்து. நேரம் இல்லை என்றால் முதலிரண்டைச் சுருக்கலாம்.

விட்டால் என்ன ஆகும் என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. 20 நிமிடத்தில் இதயத் துடிப்பு குறைகிறது. ஓரிரு நாளில் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இயல்பு அளவுக்கு வருகிறது. சில மாதங்களில் இருமலும் மூச்சிரைப்பும் குறைகின்றன. ஓராண்டில், புகைப்பதால் கூடியிருந்த இதயநோய் ஆபத்து பாதியாகிறது. பத்தாண்டில் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து, தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட ஏறத்தாழ பாதி.

வயது ஆகிவிட்டதே, இனி விட்டு என்ன பயன் என்று கேட்கும் தாத்தாக்களுக்கும் விடை இருக்கிறது. இங்கிலாந்தில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1951இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். ஆய்வுக்கு உட்பட்டவர்கள் 34,439 ஆண் மருத்துவர்கள். ஐம்பது ஆண்டுகள் அவர்கள் தொடர்ந்து கவனிக்கப்பட்டு, 2004இல் முடிவு வெளியானது. புகைப்பழக்கத்தை விடாதவர்கள் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாகவே இறந்திருந்தார்கள். 60 வயதில் விட்டவர்கள் அதில் ஏறத்தாழ 3 ஆண்டுகளை மீட்டார்கள். 50 வயதில் விட்டவர்கள் 6. 40 வயதில் விட்டவர்கள் 9. 30 வயதில் விட்டவர்கள் ஏறக்குறைய முழுப் பத்தையும். இதை ஒரு வரைபடமாக வரையச் சொல்லுங்கள். கோடு எங்கே சரிகிறது என்று கேளுங்கள். டாலும் புகைத்துக்கொண்டிருந்தவர்தான், 1951க்கு முன்பு ஹில்லுடன் செய்த முதல் ஆய்வின் முடிவுகள் தெளிவாகத் தொடங்கியதும் விட்டுவிட்டார்.

அந்த ஆய்வுக்குப் பிறகு முதலில் பெருமளவில் விட்டவர்கள் மருத்துவர்களே. ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் வேலை உண்டு. இடைவேளையில் சாலைக்கு எதிர்ப்புறக் கடைக்குப் போய்வரும் சக ஆசிரியர்களைப் பிள்ளைகள் கவனிக்காமல் இல்லை. மேலே உள்ள எண்களில் 40, 50 என்பவை நம் ஆசிரியர் அறையில் இருப்பவர்களின் வயதுகள்.

இனி செயல்முறைக்கு வருவோம். விட நினைப்பவர் முதலில் ஒரு வாரம் தன் சிகரெட்டுகளைக் குறித்து வைக்க வேண்டும்: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யாரோடு, எதற்குப் பிறகு. எங்கள் பகுதியில் பெரும்பாலானவர்களுக்கு அது டீயோடு ஒட்டியிருக்கும். பிறகு, காலைக்கடனுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின், ஷிப்டு முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும்போது. ஒட்டியிருப்பதைப் பிரிக்க வேண்டும். டீயை விட வேண்டியதில்லை. கடையை மாற்றலாம், புகைக்காத நண்பரோடு குடிக்கலாம், நின்று குடிப்பதை நடந்து குடிப்பதாக்கலாம். அடுத்து, ஒரு தேதி குறிக்க வேண்டும். இரவு ஷிப்டு வாரத்தில் வேண்டாம். பகல் ஷிப்டு வாரமாகவோ விடுமுறை நாளாகவோ பார்த்துக்கொள்வது எளிது. வீட்டாரிடமும் கூட வேலை செய்பவர்களிடமும் சொல்லிவிட வேண்டும். மிச்சமிருக்கும் சிகரெட், பீடி, லைட்டர் எல்லாம் அன்றைக்கு முன்பே வீட்டை விட்டுப் போக வேண்டும்.

முதல் இரண்டு மூன்று நாள் கடுமையாக இருக்கும். எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி, பசி எல்லாம் வரும். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். இதை வீட்டில் உள்ளவர்கள் அறிந்திருப்பது மிக அவசியம்; ‘நீ சிகரெட் பிடிச்சப்பவே நல்லா இருந்தே’ என்று அம்மா சலித்துக்கொண்டால் எல்லாம் போச்சு. புகைக்க வேண்டும் என்ற ஒவ்வொரு உந்துதலும் சில நிமிடங்களே நீடிக்கும். அந்தச் சில நிமிடங்களுக்கு நான்கு காரியம்: தள்ளிப்போடு, மூச்சை ஆழ இழுத்து விடு, தண்ணீர் குடி, கைக்கு வேறு வேலை கொடு.

மன உறுதி மட்டும் போதாதவர்களுக்கு உதவி இருக்கிறது. அதைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணில் ஆலோசகர்கள் பேசுவார்கள். 2018 முதல் இந்த எண் சிகரெட் பெட்டியிலேயே அச்சாகிறது. சில்லறையாக வாங்குபவர் அதைப் பார்ப்பதில்லை என்பதால் நாம்தான் சொல்ல வேண்டும். அடையாறு புற்றுநோய் நிறுவனத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் ஆலோசனை கிடைக்கும். மருந்துக் கடைகளில் நிக்கோட்டின் கலந்த மெல்லும் கோந்து கிடைக்கிறது. அதைச் சாதாரண சூயிங்கம் போலத் தொடர்ந்து மென்றால் பயன் இல்லை. சில முறை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, பிறகு மீண்டும் மெல்ல வேண்டும். இதைப் பெரியவர்கள்தான், அதுவும் மருத்துவரையோ ஆலோசகரையோ கேட்டுக்கொண்டுதான் பயன்படுத்த வேண்டும். மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகளும் உண்டு. சிகரெட்டை விட்டுவிட்டு வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறுவது விடுவதாகாது. மின்சிகரெட் இந்தியாவில் 2019 முதல் சட்டப்படி தடை செய்யப்பட்டது. அதுவும் மாற்று வழி ஆகாது.

ஒருமுறை விட்டு மீண்டும் தொடங்கியவரைக் கேலி செய்யக்கூடாது என்று மாணவர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். பலரும் ஒன்றுக்கு மேற்பட்ட முயற்சிக்குப் பிறகே முழுதாக விடுகிறார்கள். எந்த நாளில், எந்த இடத்தில் தவறியது என்று பார்த்துக்கொண்டு மறுபடி தேதி குறிக்க வேண்டியதுதான்.

கடைசிப் பதினைந்து நிமிடம் நடிப்பு. காட்சி: நைட் ஷிப்டு, அதிகாலை மூன்று மணி, இடைவேளை. 

“மச்சான், ஒரு தம் போடு. தூக்கம் பறந்துடும்.”

“வேணாம்டா.”

“ஒண்ணுதானடா, ஒண்ணுல என்ன ஆயிடப்போவுது?”

இந்த இடத்தில் பெரும்பாலான மாணவர்கள் பாடநூலை ஒப்பிக்கத் தொடங்கினார்கள், வகுப்பு சிரித்தது. ‘எனக்குக் கபடி ஆடணும், மூச்சு வாங்கும்’ என்றான் ஒருவன். அது பரவாயில்லை. இன்னொருவன், “நீ அடி மச்சான், நான் ரெண்டு டீ சொல்றேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். நண்பனையும் விடவில்லை, சிகரெட்டையும் தொடவில்லை. நான் தயாரித்து வைத்திருந்த எந்த வசனத்தையும்விட அது நன்றாக இருந்தது. வயதில் மூத்த லைன் லீடர் நீட்டினால் என்ன செய்வது என்று அடுத்த கேள்வி வந்தது. “எனக்கு ஒத்துக்காதுண்ணா” என்ற இரண்டே சொல் போதும் என்று மாணவிகள் பக்கமிருந்து விடை வந்தது. மாணவிகளை இந்தப் பாடத்தில் பார்வையாளராக உட்கார வைத்துவிடாதீர்கள். அவர்களும் இதே சாலையில் வேலைக்குப் போவார்கள். ஒற்றை அறை வாடகை வீட்டில் மற்றவர் விடும் புகையைச் சுவாசிப்பதும் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்தான்.

சில எச்சரிக்கைகள். ‘யார் வீட்டில் அப்பா புகைப்பார், கை தூக்கு’ என்று கேட்கவே கூடாது. அப்பாவைத் திருத்தும் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் ஏற்றவும் கூடாது. குடித்துவிட்டு அடிக்கும் வீடுகளும் இருக்கின்றன. பிள்ளையின் வேலை தகவலை அறிந்திருப்பது, கேட்டால் சொல்வது, அவ்வளவே. அன்று கேள்வி கேட்ட மாணவி இரண்டு வாரம் கழித்து வழியில் நின்று, “இப்பல்லாம் வெளிய போய்த்தான் குடிக்கிறாரு மிஸ்” என்றாள். சிகிச்சை பெறுபவருக்கு அது போதாது என்று அவளுக்கும் தெரியும். உதவி எண்ணை அவள் அம்மாவின் கைப்பேசியில் சேமித்துக் கொடுத்தேன்.

மதிப்பீட்டுக்குத் தீமைகளைப் பட்டியலிடச் சொல்லும் வினாவை எடுத்துவிட்டு, இப்படிச் சில வினாக்களை வைக்கலாம். இரவு 10 மணிக்குப் புகைத்த ஒருவரின் இரத்தத்தில் காலை 4 மணிக்கு நிக்கோட்டின் எத்தனை பங்கு இருக்கும்? ‘டிபி கிருமியால்தான் வருகிறது, பீடிக்கும் அதற்கும் என்ன தொடர்பு?’ என்று கேட்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு உன் விடை என்ன? கம்பெனி விடுதியில் தங்கி வேலை பார்க்கும் உன் அண்ணன் திங்கட்கிழமை முதல் சிகரெட்டை விடப்போகிறார். முதல் மூன்று நாளுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு ஒரு கடிதம் எழுது. இந்தக் கடைசி வினாவுக்கு ஐந்து மதிப்பெண் கொடுங்கள். அதில் ஒரு மதிப்பெண் உதவி எண்ணைச் சரியாக எழுதுவதற்கு.